கொப்பளிக்கத் தண்ணீர்

கலர் சோடா கம்பெனியில் அவளுக்கு லைட்டுக்காரி என்று பெயர். கழுவின பாட்டில்கள் வரிசை கட்டி நகர்ந்து வரும். பின்னால் வெள்ளைத் தட்டில் ட்யூப்லைட் எரியும். எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தூசி ஒட்டினது, விரிசல் விட்டது, வாய் உடைந்தது எல்லாவற்றையும் எட்டிப் பிடித்து ஓரம் கட்ட வேண்டும். அதுதான் வேலை. கண்ணைக் கொட்டினால் ரெண்டு பாட்டில் தப்பிவிடும். பாட்டிலுக்குள் செத்துக் கிடக்கிற எறும்பின் காலைக்கூட அவள் கண் விடாது என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட கண்ணுக்குப் பெற்ற மகளின் வாய்க்குள் இருந்த கறுப்பு தெரியாமல் போயிற்று.

மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. லைன் வீடுகளில் வாயாடி என்று சொன்னால்தான் தெரியும். விடிந்தால் பேச்சு, அடைந்தால் பேச்சு. "இவ வாயை வாடகைக்கு விட்டா இந்த லைனுக்கே ரேடியோ வேண்டாம்டி" என்பாள் எதிர் வீட்டு அக்கா. அந்த வாய் கொஞ்ச நாளாக மூடியே கிடந்தது. சோற்றை ஒரு பக்கமே ஒதுக்கி மென்றாள். படுக்கும்போது கன்னத்தைக் கையில் வைத்துக்கொண்டாள். "யார்கூடடி சண்டை?" என்று லைட்டுக்காரி கேட்டாள். யாருடனும் இல்லை என்று தலையை ஆட்டினாள் மகள். ஷிப்டு முடிந்து வந்து உலை வைக்கிற அவசரத்தில் அதற்குமேல் கேட்க யாருக்கு நேரம்?

இந்த இடத்தில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கம்பெனி மதிலுக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்கத் தண்ணீர்ச் சத்தம்தான். பாட்டில் கழுவ, மெஷின் கழுவ, தரை கழுவ, மேனேஜர் கார் நிற்கிற இடத்துப் புல்லுக்குத் தெளிக்க. மதிலுக்கு இந்தப் பக்கம் லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தெருமுனையில் ஒரே குழாய். திறந்தால் முதலில் காற்று வரும், அப்புறம் காசநோய்க்காரன் இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும், மனசு வைத்தால் தண்ணீர் வரும். வந்தாலும் உப்பு. முன்னே ஒரு கிணறு இருந்தது. கம்பெனி வரிசையாக ஆழ்குழாய் இறக்கின பிறகு அது குப்பைத் தொட்டியாகிவிட்டது.

தண்ணீர் இல்லாத குறைக்குக் கம்பெனியே ஒரு வழியும் வைத்திருந்தது. லேபிள் கோணலாக ஒட்டின பாட்டில், அளவு குறைந்த பாட்டில் எல்லாம் கடைக்குப் போகாது. வாரக் கடைசியில் ஆளுக்கொரு பெட்டி என்று வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். லைனில் அந்தக் கலருக்கு 'கோணல்' என்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போவது கோணல். சாப்பிடும்போது விக்கினால் கோணல். மாத்திரை விழுங்கக் கோணல். மூடியைத் திறந்து, கட்டை விரலால் வாயை அடைத்து, நாலு குலுக்குக் குலுக்கிக் கேஸைப் போக்கிவிட்டால் காலையில் பல் தேய்த்துக் கொப்பளிக்கவும் அதுவேதான். உப்புத் தண்ணீர் குமட்டும், கோணல் இனிக்கும். எந்தப் பிள்ளை எதைக் கேட்கும்?

இப்படி இருக்கும்போதுதான் சர்வே வருகிறது என்று சூப்பர்வைசர் வந்து சொன்னார். அவர் கழுத்தில் எந்நேரமும் விசில் ஒன்று தொங்கும். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னே விசில்.

"சுகாதார ஆபீஸ்ல இருந்து வர்றாங்க. பிள்ளைங்க பல்லைப் பாப்பாங்க. என்ன திங்குது, என்ன குடிக்குதுன்னு கேப்பாங்க. பாத்துப் பதில் சொல்லுங்க" என்றார். போகிறவர் திரும்பி நின்று, ஏதோ ஞாபகம் வந்த மாதிரி, "கலர் குடிச்சுப் பல்லு போச்சுன்னு எவளாவது சொன்னா கம்பெனிக்குத்தான் கெட்ட பேரு. கெட்ட பேர் வாங்கிக் குடுக்கிறவங்களுக்கு எதுக்குக் கோணல்னு மேல கேப்பாங்க. நான் கேக்கல. மேல கேப்பாங்க" என்று முடித்தார்.

கோணலும் நின்றால் பிள்ளைகள் எதைக் குடிக்கும்?

அன்று சாயங்காலம் லைட்டுக்காரியின் புருஷன் லைனில் இருந்த பிள்ளைகளையெல்லாம் வாசலில் உட்கார வைத்தான். அவன் அதே கம்பெனியில் லோடுமேன். பெட்டி தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கிப்போனவன். ஆனாலும் தமாஷுக்குக் குறைச்சல் இல்லை. துண்டை வாத்தியார் மாதிரி மடித்துப் போட்டுக்கொண்டான்.

"இது பரீட்சைதான். கேள்வி முன்னாடியே தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். எங்க சொல்லுங்க, காலைல எழுந்ததும் என்ன குடிப்பீங்க?"

"தண்ணி!"

"பள்ளிக்கூடத்துல?"

"தண்ணி!"

"கலர் எப்ப குடிப்பீங்க?"

"தண்ணி!" என்று கத்தினான் ஒரு பொடியன். வாசலே சிரித்தது.

"அடேய், அதுக்குக் குடிக்க மாட்டோம்னு சொல்லணும்டா! உன்னை நம்பினா என் வேலையும் போச்சு, உன் கோணலும் போச்சு."

எதிர் வீட்டு அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஏன் மாஸ்டர், தண்ணி போதுமான்னு கேட்டா என்ன சொல்றது?" என்று கேட்டாள்.

லோடுமேன் தலையைச் சொறிந்தான். "போதும்னுதான் சொல்லணும்க்கா. தண்ணியே இல்லன்னு ஒரு வாயில சொல்லிட்டு, பிள்ளைங்க தண்ணிதான் குடிக்குதுன்னு இன்னொரு வாயில சொன்னா எவன் நம்புவான்?"

சொல்வது சரியாகத்தான் பட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள். லைட்டுக்காரியும் ஆட்டினாள். அதை நினைத்துப் பிற்பாடு அவள் அதே தலையில் அடித்துக்கொண்டாள்.

சர்வேக்கு வந்தது ஒரு சின்னப் பெண். செருப்பு வார் அறுந்து ஊக்கு மாட்டியிருந்தது. தோளில் பை, கையில் அட்டை, சட்டைப் பையில் டார்ச். வழி காட்டுகிறேன் என்று விசில் பின்னாலேயே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

உட்காரக் கொடுக்க வீட்டில் நாற்காலி இல்லை. கோணல் பெட்டியின் மேல் பழைய சேலை ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தாள் லைட்டுக்காரி. அந்தப் பெண் உட்கார்ந்ததும் அடியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துச் சிணுங்கின. விசில் இருமினார். அந்தப் பெண் காதில் விழாத மாதிரி அட்டையைப் புரட்டினாள்.

"வெயில் தாங்கலக்கா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

குடத்தில் அடியில் ஒரு டம்ளர் அளவு கிடந்தது. சாயங்கால உலைக்கு என்று வைத்தது. லைட்டுக்காரி விசிலைப் பார்த்தாள். விசில் அவளைப் பார்த்தார். குடத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை டம்ளரில் விட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்ததும் அந்தப் பெண்ணின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஆனாலும் மிச்சம் வைக்காமல் குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"குழந்தைங்களுக்குச் சொத்தைப் பல் ஏன் வருதுன்னு தெரியுமா?"

"இனிப்புத் தின்னா வரும். தேய்க்காமப் படுத்தா வரும்."

"வராமத் தடுக்க முடியும்னு நினைக்கிறீங்களா? ஆமா, இல்ல, தெரியாது, இதுல ஒண்ணு சொல்லுங்க."

"ஆமா."

"உங்க குழந்தைக்கு வர ஆபத்து எவ்வளவு? அதிகம், கொஞ்சம், இல்லவே இல்ல."

"கொஞ்சம்."

"இனிப்புப் பானம் குடிக்குதா?"

"இல்ல."

"குடிக்கிற தண்ணி போதுமான அளவு கிடைக்குதா?"

"போதும்" என்றாள் லைட்டுக்காரி. அவளுக்குப் பின்னால் குடம் கவிழ்ந்த மேனிக்குக் கிடந்தது.

அந்தப் பெண் டார்ச்சை எடுத்து வாயாடியைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "வாயைப் பெருசாத் திற கண்ணு." உள்ளே வெளிச்சம் அடித்தவள் டார்ச்சை அணைக்காமலே நிமிர்ந்தாள். "அக்கா, நீங்களே வந்து பாருங்க."

லைட்டுக்காரி குனிந்து பார்த்தாள். கீழ்க் கடைவாய்ப் பல் ரெண்டும் பல்லாகவே இல்லை. கறுத்த குழி. அதைச் சுற்றி ஈறு வீங்கி, முனையில் வெள்ளையாகச் சீழ் கோத்திருந்தது. பத்து வருஷமாக வெளிச்சத்துக்கு எதிரே உட்கார்ந்து கம்பெனி பாட்டிலுக்கு அழுக்குப் பார்த்த கண். அந்தக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"ரொம்ப நாளா வலிச்சிருக்குமே" என்றாள் அந்தப் பெண்.

"ஏன்டி, ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

வாயாடி அம்மாவைப் பார்த்தாள். வாசலில் நிற்கிற விசிலைப் பார்த்தாள். அப்பா சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, "தண்ணி" என்றாள்.

லைட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மருந்து ஏதாவது குடும்மா" என்று கேட்டாள்.

"நாங்க பாத்து எழுதத்தான் வந்திருக்கோம்க்கா. மருந்து வேற டிபார்ட்மெண்டு." அந்தப் பெண் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்துக் கொடுத்தாள். அதில் ஒரு பல் படம். பல்லுக்குக் கண்ணும் போட்டுச் சிரிப்பும் போட்டிருந்தார்கள்.

"கிணத்துல விழுந்தவளை எட்டிப் பாத்துட்டு, ஆமா விழுந்துதான் கிடக்கான்னு எழுதிட்டுப் போற மாதிரியில்ல இருக்கு?" என்றாள் லைட்டுக்காரி. அந்தப் பெண் அட்டையைப் பைக்குள் வைத்தாள். அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டாள். கோடைக்காலம், கலர் பறக்கிற நேரம், லீவு கிடையாது என்று விசில் சொல்லிவிட்டார். "பால் பல்லுதானே, தானா விழும்" என்று வைத்தியமும் சொன்னார். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். வாயாடி அதையும் கோணலில்தான் விழுங்கினாள்.

கோடை தணிகிற சமயத்தில் சர்வேயின் முடிவைச் சொல்லக் கம்பெனி கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் பிள்ளைகளோடு வந்தாக வேண்டும் என்று உத்தரவு. சுவரில் பேனர் கட்டியிருந்தது. ஒரு மூலையில் சுகாதார ஆபீசின் முத்திரை, இன்னொரு மூலையில் அதைவிடப் பெரிதாகக் கம்பெனி முத்திரை. மேடை மேஜையில் பெரியவர்களுக்கு வரிசையாகக் கலர் பாட்டில். இவை லேபிள் நேராக ஒட்டினவை.

வெள்ளைச் சட்டை போட்ட ஆபீசர் எழுந்து பேசினார்.

"இந்தக் குடியிருப்புல ஒரு குழந்தைகூட இனிப்புப் பானம் குடிக்கிறதில்ல. எல்லாரும் தண்ணிதான் குடிக்கிறாங்க. பாராட்டணும். தண்ணி வசதியும் போதுமானதா இருக்கு. ஆனா முக்காவாசிக் குழந்தைங்களுக்குச் சொத்தைப் பல்! இதுக்கு என்ன அர்த்தம்? வசதி இருக்கு, அக்கறை இல்ல. விழிப்புணர்வு இல்ல. பெத்தவங்க தூங்கிட்டிருக்கீங்க."

லைட்டுக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின ராத்திரியும் மகள் வலியில் முனகி, இவள் தூங்கியிருக்கவில்லை.

"தண்ணி இல்லாத இடத்துக்குப் புதுக் குழாய் போட எங்க ஆபீஸ்லேருந்து சிபாரிசு பண்றோம். உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதனால அது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குப் போகுது."

எதிர் வீட்டு அக்கா முன் வரிசைக்குச் சாய்ந்து லோடுமேன் காதில், "மாஸ்டர், பாஸ் பண்ணிட்டோம்" என்றாள். அவன் திரும்பவே இல்லை. இறங்கின தோளோடு இன்னொரு தோளும் இறங்கிவிட்டது.

பிறகு பிள்ளைகளுக்குப் பிரஷ் கொடுத்தார்கள். ஒவ்வொரு பிரஷ்ஷின் பிடியிலும் கம்பெனி முத்திரை. எப்படித் தேய்ப்பது என்று காட்ட ஒரு பிள்ளை வேண்டும் என்றார் ஆபீசர். வாயாடி முன் வரிசையில் இருந்தாள். அவளைக் கையைப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள். கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்ததை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

"மேலேருந்து கீழ... அப்பிடித்தான்... உள் பக்கம்... சபாஷ்!" ஆபீசர் சொல்லச் சொல்ல அவள் தேய்த்தாள். வலிக்கிற பக்கம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தாள். வாய் நிறைய நுரை. "இப்ப நல்லாக் கொப்பளிச்சுத் துப்பணும்" என்றார்.

மேடையில் தண்ணீர் இல்லை. வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. வாயாடி மேஜையைப் பார்த்தாள். எட்டி, மூடி திறந்து வைத்திருந்த ஒரு கலர் பாட்டிலை எடுத்தாள். கட்டை விரலால் வாயை அடைத்து நாலு குலுக்குக் குலுக்கினாள். உஸ்ஸென்று கேஸை விட்டாள். அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக் கொடகொடவென்று கொப்பளித்து, காலி டம்ளர் ஒன்றில் சுத்தமாகத் துப்பிவிட்டு, சட்டை நுனியில் வாயைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் சரியாகச் செய்துவிட்டோமா என்று ஆபீசரை நிமிர்ந்து பார்த்தாள்.

கம்பெனி ஆட்கள் பக்கமிருந்து சிரிப்பு வெடித்தது. விசில்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பாத்தீங்களா? இதைத்தான் சொன்னேன்!" ஆபீசருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கலரை ஊத்திப் பல்லு கழுவுது! இந்தப் பொண்ணோட அம்மா யாரு? எழுந்திருங்க. உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?"

லைட்டுக்காரி எழுந்தாள். புருஷன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவள் வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

"அறிவு இருக்கு சார். இனிப்புப் பல்லைக் கெடுக்கும்னு தெரியும். ராத்திரி தேய்க்கணும்னு தெரியும். உங்க சர்வேப் பொண்ணு கேட்டப்போ எல்லாத்துக்கும் சரியாப் பதில் சொன்னேன், அதையும் பாருங்க. எனக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான். எதை ஊத்திக் கொப்பளிக்கிறதுன்னு தெரியல. நீங்க சொல்லிக் குடுங்க."

"தண்ணியில கொப்பளிங்க!"

"எந்தத் தண்ணியில? இப்ப மேடையில தண்ணி இருந்துதா சார்? உங்க மேஜையிலயே இல்ல, என் வீட்டுல எப்பிடி இருக்கும்?"

"தண்ணி போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். பொய் சொன்னேன். இந்த லைனே சொல்லிச்சு. கலர் குடிக்கிறதில்லன்னு சொன்னதும் பொய்தான். கேள்வி கேக்கையில வாசலை அடைச்சுக்கிட்டு யாரு நின்னாங்கன்னு உங்க சர்வேல கேட்டிருக்கீங்களா? சிரிக்கிறாரே, அவரு நின்னாரு."

விசிலின் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

ஆபீசர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "இதெல்லாம் அப்பவே சொல்லியிருக்கணும்மா. அறிக்கை மேல போயாச்சு. இனிமே மாத்த முடியாது. அடுத்த சர்வே மூணு வருஷம் கழிச்சு வரும், அப்ப..."

"மூணு வருஷம் வரைக்கும் எம் பொண்ணு வாயை மூடி வச்சிருக்கச் சொல்றீங்களா?" மேடைக்குப் போய் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "விழிப்புணர்வு இல்லையாம்! வலியில பிள்ளை முனகுது, நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இதுக்கு மேல எங்க முழிக்கிறது?"

யார் கூப்பிட்டும் நிற்காமல் வெளியே வந்துவிட்டாள். வாசலில் அந்தச் சர்வேப் பெண் நின்றிருந்தாள். ஓடி வந்து கூட நடந்தாள்.

"அக்கா, எனக்கு அன்னைக்கே தெரியும். அந்தத் தண்ணி வாயில வைக்க முடியல. உக்காந்த பெட்டியும் தெரியும்."

"தெரிஞ்சு ஏன் எழுதல?"

"நீங்க சொல்றதைத்தான் டிக் பண்ணணும்க்கா. நான் பாத்ததை எழுத அதுல இடமே இல்ல. அதிகமாக் கேட்டா என்னை மாத்திட்டு இன்னொருத்தியை அனுப்புவாங்க."

லைட்டுக்காரிக்கு அவளையும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல வாய் துறுதுறுத்தது. ஊக்கு மாட்டின செருப்பைப் பார்த்தாள். விட்டுவிட்டாள். அந்தப் பெண் பெரிய ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் எந்த வாசலில், எந்த நேரத்தில் பார்ப்பார் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

மறுநாள் லீவு கேட்கவில்லை. போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் ரெண்டு பல்லையும் எடுத்தார்கள். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அடியில முளைக்கிற பல்லும் போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. "நாளையிலேருந்து வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில ஒரு நாளைக்கு நாலைஞ்சு தடவை கொப்பளிக்கணும். ஒவ்வொரு தடவை சாப்பிட்டதும். புண்ணு ஆறுற வரைக்கும் இனிப்பு வாயில படவே கூடாது."

லைட்டுக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உப்புத் தண்ணிக்குக் குறைச்சல் இல்லம்மா, எங்க குழாய்லயே உப்புப் போட்டுத்தான் வருது. அது வந்தாத்தானே!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நல்ல தண்ணியா இருக்கணும். கண்ட தண்ணியை ஊத்தினா மறுபடியும் சீழ் வைக்கும்."

மறுநாள் சாயங்காலம் தெருமுனைக் குழாயில் காற்றுதான் வந்தது. எப்போதாவது வருகிற தண்ணீர் லாரியும் வரவில்லை. எதிர் வீட்டு அக்கா குடிக்க வைத்திருந்ததில் அரை டம்ளர் கொடுத்தாள். வாயாடி அதைப் புண் ஆறாத வாயில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக் கொப்பளித்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பாட்டில் கழுவுகிற தண்ணீர் சளசளவென்று ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பாட்டில் வாய்க்கு உள்ள தண்ணீர் பிள்ளை வாய்க்கு இல்லை. லைட்டுக்காரி மதிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது மகளையும் கையில் பிடித்துக்கொண்டாள். "உன் புது பிரஷ்ஷை எடுத்துக்கோ" என்றாள்.

கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் உள்ளே ஒரு குழாய். அதில் மாட்டின ரப்பர் குழாயால் வாட்ச்மேன் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்களை உள்ள விடக் கூடாதும்மா, தெரியாதா?"

"உள்ள வரல அண்ணே. நாங்க இப்பிடியே நிக்கிறோம். நீங்க குழாயை வெளிய நீட்டுங்க."

"என்னைத் திட்டுவாங்க."

"பிரஷ் குடுத்தது யாரு? பேரு போட்டிருக்கு பாருங்க. தேய்க்கச் சொன்னதும் அவங்கதான். தேய்ச்சா துப்ப வேண்டாமா? புல்லுக்குப் பல்லு இருக்காண்ணே?"

வாயாடி ஓட்டைப் பல்லோடு பாதி வாயில் மெதுவாகத் தேய்த்து, நுரையோடு கேட் கம்பிக்கு நடுவே முகத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். வாட்ச்மேன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். ரப்பர் குழாயை இழுத்துக் கம்பிக்கு நடுவே நீட்டினார். அவள் கொப்பளித்துத் துப்பினாள். மறுபடியும் கொப்பளித்தாள். அப்புறம் ரெண்டு கையையும் குவித்து வயிறு முட்டக் குடித்தாள். லைட்டுக்காரி கொண்டுவந்த குடத்தையும் அதிலேயே நிரப்பி எதிர் வீட்டு அக்காவிடம் கொடுத்தனுப்பினாள்.

செய்தி லைன் முழுக்கப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த நாள் காலை கேட்டுக்கு முன்னால் லைன் பிள்ளைகள் அத்தனையும் நின்றன. அத்தனை கையிலும் கம்பெனி பிரஷ், அத்தனை வாயிலும் நுரை. பின்னால் அம்மாக்கள் குடத்தோடு. லோடுமேன் துண்டை மறுபடியும் வாத்தியார் மாதிரி போட்டுக்கொண்டு, "மேலேருந்து கீழ! உள் பக்கம்! ஆபீசர் சொன்னதை மறக்கக் கூடாது!" என்று சத்தம் போட்டான். ஷிப்டு ஏற வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். லாரி உள்ளே போக முடியவில்லை.

விசில் ஓடி வந்து ஊதினார். ஊத ஊத, முன் பல் விழுந்த ஒரு பொடியன் அந்தச் சந்து வழியாகத் திருப்பி ஊதினான். அவன் வாயிலிருந்து நுரை பறந்து அவர் சட்டையில் விழுந்தது. பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தன.

"யாரு வேலை இது? லைட்டு, உன் வேலைதானே? நாளைக்கு அந்த ஸ்டூல்ல நீ உக்கார மாட்டே!"

"நின்னுக்கிறேன் சார். பிள்ளைங்க கொப்பளிக்கணும், வழியை விடுங்க."

அந்த நேரம் பார்த்து மேனேஜர் கார் வந்து நின்றது. அவர் கண்ணாடியை இறக்கினார். நுரை வாய்களையும் கம்பெனி முத்திரை போட்ட பிரஷ்களையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன என்று விசாரித்தார். விசில் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் எதிர் வீட்டு அக்கா, "உங்க பிரஷ்தான் சார், தண்ணி மட்டும் பாக்கி" என்றாள். மேனேஜருக்குக் கார் உள்ளே போக வேண்டும். "தண்ணியை விட்டு அனுப்புங்க சீக்கிரம்" என்று கையை ஆட்டினார். அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் காலையில் ரப்பர் குழாய் வெளியே வந்தது.

விசில் சொன்னதைச் செய்தார். லைட்டுக்காரியை லைட்டிலிருந்து எடுத்துப் பெட்டி அடுக்கப் போட்டார்கள். இடுப்பு ஒடிந்தது. வாயாடியின் ஈறு ஆறியது. வாயும் திறந்தது. எதிர் வீட்டு அக்கா மறுபடியும் ரேடியோவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

ஒரு நாள் காலையில் கேட்டுக்குப் போட்டோக்காரன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு விசில் வந்தார். பின்னால் ரெண்டு பேர் ஒரு பலகையைத் தூக்கி வந்தார்கள். 'குழந்தைகளின் பற்கள் எங்கள் பொறுப்பு' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கீழே கம்பெனி முத்திரை போட்டிருந்தது. காலண்டருக்காம். பிள்ளைகளை உயரப்படி நிறுத்தி, சிரிக்கச் சொன்னான் போட்டோக்காரன். எல்லா வாயையும்விடப் பெரிதாகச் சிரித்தது வாயாடிதான். ஓட்டைப் பல் தெரிகிறதே என்று அவளை மட்டும் நகர்ந்து நிற்கச் சொன்னான்.

லைட்டுக்காரி தலையில் இருந்த பெட்டியைத் தொப்பென்று கீழே இறக்கினாள். பாட்டில்கள் குலுங்கின. நேரே போய் மகளைத் தோளைப் பிடித்து முன் வரிசையில் நடுவில் நிறுத்தினாள்.

"அவளை வச்சுத்தான் எடுக்கணும். வாயை நல்லாத் திறந்து எடு. உங்க காலண்டர்ல அந்த ஓட்டையும் இருக்கட்டும்."

போட்டோக்காரன் விசிலைப் பார்த்தான். விசில் வேறு எங்கோ பார்த்தார்.

"இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்கோ. என்னைக்காவது இந்தக் குழாயை உள்ள இழுத்துட்டாங்கன்னா உனக்கு ஆள் அனுப்புவேன். அன்னைக்கும் வந்து இதே மாதிரி ஒரு படம் எடுக்கணும். வருவியா, மாட்டியா?"

அவன் பதில் சொல்கிறவரை அவள் பெட்டியைத் தூக்கவில்லை. மகள் நுரையோடு கேட் கம்பிக்கு நடுவே முகத்தை நீட்டினாள். வாட்ச்மேன் குழாயைத் திருப்பிவிட்டார்.